பத்தொன்பது சைக்கிளும் ஒரே பூட்டும்

"ஆளுக்கொரு பூட்டு, ஆளுக்கொரு சாவின்னா அப்புறம் சங்கம்னு ஒண்ணு எதுக்குங்க? கலைச்சிட்டுப் போயிடலாமே" என்று செயலாளர் மேசையைத் தட்டினார். மேசை மேல் இருந்த தண்ணீர்க் குவளை ஒரு விரல்கடை நகர்ந்தது.

"கலைங்க. யாரு வேணாம்னா?" என்றார் ஊசிக்கார அக்கா. "என் சைக்கிளுக்கு என் பூட்டு. காலையில அஞ்சரைக்கு நான் கிளம்பணும்."

"நீங்க ஒருத்தர் கிளம்புறதுக்காகப் பதினெட்டு குடும்பம் பாதுகாப்பில்லாம இருக்கணுமா?"

"என் பூட்டுக்கும் உங்க பாதுகாப்புக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"பாத்தீங்களா, பாத்தீங்களா. இந்த மனப்பான்மையைத்தான் நான் சொல்றேன்."

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது ஒரு திருப்பம். சக்கரத்தைக் கண்டுபிடித்தது இன்னொரு திருப்பம். அந்தச் சக்கரத்தை எப்படிப் பூட்டுவது என்று எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முடிவெடுத்ததே, அதுதான் மூன்றாவது திருப்பம். அந்தக் கூட்டத்தில் நான் இருந்தேன். இருந்தேன் என்ன, குறிப்பே நான்தான் எழுதினேன். சங்கத்தின் கூட்டக் குறிப்புகள், கடிதங்கள், தீர்மானங்கள் எல்லாம் என் கையால் எழுதப்படுபவை. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று செயலாளரே பலமுறை சொல்லியிருக்கிறார். அதோடு, என் வீடு முதல் மாடியில், சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு நேர் மேலே. நானும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். யார் எப்போது வந்தார், எந்தப் பையோடு வந்தார், ஏன் அந்தப் பை திரும்பும்போது இல்லை என்பதெல்லாம் நான் தேடிப் போய்த் தெரிந்துகொள்வதில்லை. பால்கனியில் நின்றால் தானாகத் தெரிகிறது.

விஷயம் இதுதான். மூன்றாம் மாடித் தையற்காரரின் சைக்கிள் பட்டப்பகலில் காணாமல் போயிற்று. பூட்டு மட்டும் தரையில் இரண்டு துண்டாகக் கிடந்தது. நான்கு எண் திருகும் பூட்டு அது. தையற்காரர் அந்த இரண்டு துண்டையும் கையில் வைத்துக்கொண்டு, எண்ணைச் சரியாகத் திருகித் திறந்து காட்டினார். "பாருங்க, நல்லாத்தான் வேலை செய்யுது" என்றார். நாங்கள் அனைவரும் பார்த்தோம். நல்லாத்தான் வேலை செய்தது.

மறுநாளே 'பூட்டுத் தேர்வு உயர்மட்டக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர், நம் செயலாளர்தான்; பதிவேட்டு அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டு உழைத்து, ஒரு கோப்பைக்கூட வெளியே விடாமல் ஓய்வுபெற்றவர். தொழில்நுட்ப உறுப்பினர், கணக்கு வாத்தியார். குறிப்பாளர், அடியேன். குழுவின் நோக்கம்: குறைந்த விலையில் நிறைந்த பாதுகாப்பு.

ஊசிக்கார அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாம் மாடியில் தனியாக இருந்தார். வீடு வீடாகப் போய் ஊசி போடுவது, கட்டு மாற்றுவது, வயதானவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பது அவர் தொழில். ஒரு செவிலியர் நிறுவனம் முகவரி கொடுக்கும். இவர் சைக்கிளில் போவார். முதல் ஊசி ஆறு மணிக்கு, ஆற்றுப்பாலம் தாண்டி ஒரு பெரியவருக்கு. மாதத்தில் மூன்று முறை தாமதமானால் நிறுவனம் பெயரை எடுத்துவிடும். அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது. ஆக, சைக்கிள் இருந்தால் அவருக்குச் சோறு, இல்லாவிட்டால் இல்லை. இதையெல்லாம் அவர் கூட்டத்தில் எழுந்து சொன்னார். நான் குறிப்பில், "உறுப்பினர் ஒருவர் தன் சொந்த விஷயங்களைப் பேசினார்" என்று எழுதிக்கொண்டேன்.

குழு முதலில் பூட்டுக் கடைக்குக் கள ஆய்வுக்குச் சென்றது. கடைத்தெருவின் கோடியில் ஆள் அகலத்துக்கு ஒரு கடை. உள்ளே நாற்பதைத் தாண்டிய ஒரு மனிதர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு, சாவி ராவிக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆகாதவர் என்பது அவர் சட்டையின் இரண்டாவது பொத்தான் இல்லாததைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நல்ல பூட்டா ஒண்ணு காட்டுங்க" என்றார் செயலாளர்.

"சைக்கிள் என்ன விலை சார்? எங்க நிறுத்துறீங்க? எவ்வளவு நேரம் நிக்கும்?"

"பூட்டு கேட்டா நீங்க எங்களை விசாரிக்கிறீங்க?"

"அது தெரிஞ்சாதானே சார் பூட்டு சொல்ல முடியும்? சைக்கிள் விலையில பத்துல ஒரு பங்கு பூட்டுக்குப் போடுங்க, அதுக்குக் கீழ போகாதீங்க. இந்தக் கம்பி வடம் இருக்கே, இது வேணாம். கட்டர் வெச்சா வாழைத்தண்டு மாதிரி போயிடும். நம்பர் பூட்டும் வேணாம். இதோ, லாடம் மாதிரி வளைஞ்சிருக்கே, இந்த லாடப் பூட்டு. கனம் கம்மி, இரும்பு கெட்டி. சட்டத்தையும் பின் சக்கரத்தையும் சேத்து, ஒரு தூணோட போட்டுடுங்க."

"தூணோடயா?" செயலாளரின் முகம் சுருங்கியது. தூண்களுக்கு இப்போதுதான் அவர் முன்னின்று வெளிர்நீலம் அடிக்கவைத்திருந்தார்.

"பின்ன என்ன சார்? பூட்டுங்கறது சைக்கிளைச் சைக்கிளோட கட்டுறதுக்கில்ல. நகராத ஒண்ணோட கட்டுறதுக்கு."

ஊசிக்கார அக்காவும் தன் செலவில் எங்களோடு வந்திருந்தார். அவர் அந்த லாடப் பூட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மழையில துரு ஏறுமா?" என்று கேட்டார். "மாசம் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க. விடத் தெரியலைன்னா இங்க கொண்டாங்க, நான் விடுறேன்" என்றார் கடைக்காரர். எண்ணெய் விடத் தெரியாதவர் உலகத்தில் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. நான் மனசுக்குள் குறித்துக்கொண்டேன். அக்கா பூட்டை வாங்கிவிட்டார்.

குழு வாங்கவில்லை. வெளியே வந்ததும் செயலாளர், "வியாபாரி வியாபாரத்துக்காகப் பேசுறான். பத்தொன்பது பூட்டு விக்கப் பாக்குறான்" என்றார். அப்போதுதான் கணக்கு வாத்தியார் நடுத்தெருவில் நின்றார். நின்று, கண்ணை மூடினார். பிறகு சொன்னார்:

"பத்தொன்பது பூட்டுன்னா, திருடனுக்கு உடைக்கறதுக்குப் பத்தொன்பது இடம். ஒரே பூட்டுன்னா?"

"ஒரே இடம்" என்றார் செயலாளர்.

"அப்ப ஆபத்து எவ்வளவு குறையுது?"

"பத்தொன்பதுல ஒண்ணா."

"அவ்வளவுதான்" என்றார் வாத்தியார், விடைத்தாளில் சரி போடுவதுபோல விரலை அசைத்து. பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஒலி எழுப்பாமல் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே இருவரும் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆக, பத்தொன்பது மலிவுப் பூட்டுகளுக்குப் பதில் ஒரே ஒரு உயர்ந்த பூட்டு. பத்தொன்பது சைக்கிளையும் கோத்து ஒரே சங்கிலி. சங்கிலி பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கப்பட்டது. அதில் கப்பலைக் கட்டலாம். பூட்டு தேர்வாவதற்குத்தான் மூன்று அமர்வுகள் ஆயின. என் மனைவியின் சமையலறைத் தராசை வாங்கிவந்து ஒவ்வொரு பூட்டாக நிறுத்தார்கள். கனமானதே தரமானது என்பது குழுவின் கண்டுபிடிப்பு. வென்ற பூட்டு இரண்டு கிலோவுக்குச் சற்று மேல்.

"தராசுல மைதா நிறுக்கணும், எப்ப தருவீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"பொது நலம் நடக்குது" என்றேன்.

"அதை எதோட கட்டப் போறாங்களாம்?"

"எதோடயும் இல்ல. தூண்ல புதுப் பெயிண்ட்டு."

மனைவி என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு மைதாவைக் கண்ணளவில் போட்டாள்.

திறப்பு விழா நடந்தது. அதாவது, பூட்டு விழா. நாடா வெட்டப்பட்டது. செயலாளர் சாவியைத் திருப்பியபோது வந்த சத்தம், இரும்புப் பெட்டிக்குள் யாரோ தும்மியது போல இருந்தது. எல்லோரும் கைதட்டினோம். சாவி ஒன்றே ஒன்று, அது செயலாளரிடம். திறக்கும் நேரம் காலை ஏழு முதல் எட்டு, மாலை ஆறு முதல் ஏழு. இடைப்பட்ட நேரத்தில் வேண்டுவோர் பதிவேட்டில் பெயர், வீட்டு எண், போகும் இடம், போகும் காரணம், திரும்பும் நேரம் எழுதிக் கையொப்பமிட வேண்டும். 'தனிப்பூட்டு' தடைசெய்யப்பட்டது. அக்காவின் லாடப் பூட்டு, தூணில் ஒரு விரல் அகலத்துக்கு வண்ணத்தைச் சுரண்டிவிட்டதாகப் புகைப்படத்துடன் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அக்கா செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினார். நான் பால்கனியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். தற்செயல்தான்.

"சார், சாவி."

"பதிவேட்டுல எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன் சார்."

"போகும் காரணம்ங்கற இடத்துல 'ஊசி'ன்னு எழுதியிருக்கீங்க. யாருக்கு?"

"நோயாளிக்குத்தான் சார். வேற யாருக்குப் போடுவேன்?"

அக்காவின் சைக்கிள் வரிசையில் பதினான்காவது. சங்கிலியை ஒன்றாம் எண் வீட்டுப் பக்கமிருந்துதான் உருவ வேண்டும் என்பது விதி. ஒன்றாம் எண் வீடு செயலாளருடையது. பதின்மூன்று சைக்கிளின் சட்டத்துக்குள்ளிருந்தும் சங்கிலியை இழுத்து, அக்காவின் சைக்கிளை விடுவித்து, மறுபடி பதின்மூன்றிலும் கோத்து முடித்தபோது மணி ஆறு பத்து. அந்த மாதத்தின் முதல் தாமதம். மறுநாள் செயலாளர் பதிவேட்டுக்கு மை தேடினார். இரண்டாவது தாமதம்.

மூன்றாம் நாள் முதல் அக்கா ஒரு காரியம் செய்தார். வேலை முடிந்து வந்ததும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி, வீட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். காலையில் அதேபோல் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். ஒல்லியான உடம்பு. திருப்பத்தில் நின்று மூச்சு வாங்குவார். நான் எட்டிப் பார்த்து, "என்னக்கா, கஷ்டமா இருக்கா?" என்று கேட்பேன். இதற்கெல்லாம் மனிதாபிமானம் வேண்டும்.

"ஒரு கை பிடிங்கண்ணே."

"எனக்கு முட்டி வலிக்கா."

சங்கம் அவருக்கு இரண்டு நோட்டீஸ் அனுப்பியது. ஒன்று, மாடிப்படியில் வாகனம் கொண்டு சென்றதற்கு. மற்றது, பொதுப்பூட்டின் மீது நம்பிக்கையின்மையைத் தூண்டியதற்கு. இரண்டையும் எழுதியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது நோட்டீஸில் 'தூண்டியதற்கு' என்ற சொல் விழுந்த அழகைச் செயலாளர் தனியாகக் கூப்பிட்டுப் பாராட்டினார்.

இப்படியாக ஐந்து வாரம் பூட்டு வெற்றிகரமாகப் பூட்டியிருந்தது. சங்கிலிக்கும் பதிவேட்டுக்கும் பயந்து மற்றவர்கள் சைக்கிளைத் தொடுவதையே விட்டிருந்தார்கள்.

ஆறாவது வாரம், வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. ஒரு சின்ன லாரி வாசலில் வந்து நின்றது. நீலச் சட்டை போட்ட இருவர் இறங்கினார்கள். ஒருவர் கையில் அட்டை, அட்டையில் காகிதம், காதில் பேனா. பேனாவைக் காதில் செருகியவர்களை நான் சந்தேகப்படுவதில்லை.

"என்னப்பா, எங்க எடுத்துட்டுப் போறீங்க?" என்று மேலிருந்து கேட்டேன்.

"சர்வீஸுக்கு சார். சங்கத்துல சொன்னாங்க."

"யாரு, செயலாளரா?"

அவர் காகிதத்தைப் பார்த்தார். "ஆமா சார், செயலாளர்தான்."

"அதானே பாத்தேன். அவர் சொல்லாம இங்க எதுவும் நடக்காது."

பின்னாலிருந்து மனைவி, "எந்த சர்வீஸ், என்னன்னு கேட்டீங்களா?" என்றாள். "கேட்டாச்சு, கேட்டாச்சு" என்றேன்.

பலகையைச் சாய்த்துப் போட்டார்கள். முதல் சைக்கிளைத் தள்ளினார்கள். அதன் பின்னால் இரண்டாவது, அதன் பின்னால் மூன்றாவது என்று பதினெட்டும் சங்கிலியில் கோத்தபடியே, ரயில் பெட்டிகள் போல ஒழுங்காக மேலே ஏறின. பிரித்து ஏற்றியிருந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும். கணக்கு வாத்தியாருக்கு அன்று பள்ளி விடுமுறை. கைலியோடு இறங்கி வந்தவர், நடுவில் ஒரு சைக்கிளின் மிதிகட்டை பலகையில் மாட்டிக்கொண்டதைப் பார்த்துத் தானே குனிந்து தூக்கிவிட்டார். அது அவருடைய சைக்கிள்தான்.

லாரி பின்னால் எடுக்கும்போது தடுமாறியது. நான் பால்கனியிலிருந்து இரண்டு கையையும் ஆட்டினேன். "வா, வா, வா... லெஃப்ட்ல ஒடி... தூணு, தூணு, பாத்து, புதுப் பெயிண்ட்டு... ஆங், அப்படியே நேரா போ." ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிக் கும்பிட்டார். எங்கள் தூணில் ஒரு கீறல்கூட விழவில்லை.

மாலை ஆறு மணிக்குச் செயலாளர் சாவியோடு இறங்கிவந்தார். வெகுநேரம் சாவியைப் பார்த்தார். பிறகு இடத்தைப் பார்த்தார்.

போலீஸ்காரர் ஒருவர் வந்தார். "எத்தனை பூட்டு?"

"ஒண்ணு" என்றார் செயலாளர் பெருமையோடு.

"பதினெட்டு சைக்கிளுக்கும்?"

"பத்தொன்பதுக்கும். ஒருத்தர் ஒத்துழைக்கலை."

"எதோட கட்டியிருந்தீங்க?"

"சைக்கிளைச் சைக்கிளோட."

போலீஸ்காரர் எழுதுவதை நிறுத்தினார். பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, "தகவல் வந்தா சொல்றோம்" என்று போய்விட்டார்.

அன்றே அவசரக் கூட்டம். செயலாளர் அறிக்கை வாசித்தார்: "நமது பூட்டு உடைக்கப்படவில்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அது எங்கிருந்தாலும் இன்னமும் பூட்டியே இருக்கிறது. சாவி பத்திரமாக என்னிடம் உள்ளது." சிலர் கைதட்டிவிட்டு, பிறகு ஏன் தட்டினோம் என்று யோசித்தார்கள்.

"யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டார் செயலாளர்.

கணக்கு வாத்தியார் மின்விசிறியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அது நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்ப யாரும் பாக்கலை" என்றார் செயலாளர். "சரி. பத்தொன்பதுல பதினெட்டு போச்சு. ஒண்ணு போகலை. அது யாரோடது?"

நாற்காலிகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பிக் கிரீச்சிட்டன.

ஊசிக்கார அக்கா எழுந்தார். "சார், பதினொரு மணிக்கு நான் வேலையில இருந்தேன். சைக்கிள் என்கூட இருந்துச்சு."

"அதைத்தான் கேக்குறோம். ஏன் உங்ககூட இருந்துச்சு?"

"என் சைக்கிள் சார்."

"மத்த சைக்கிள் மட்டும் மத்தவங்களுது இல்லையா? அதெல்லாம் அவங்ககூட இருந்துச்சா?"

வாத்தியார் இங்கே குறுக்கிட்டார். "தற்செயலா அந்த ஒண்ணு மட்டும் தப்பிக்கறதுக்கு வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவு. கணக்குப்படி முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும்."

அக்கா அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்க அன்னைக்கு வீட்டுலதானே இருந்தீங்க? எது நடந்தாலும் பால்கனியில நிப்பீங்களே. ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

என் வாழ்நாளில் அத்தனை பேர் என் பேச்சைக் கேட்கக் காத்திருந்தது அந்த ஒரு முறைதான்.

"முட்டி வலிக்கா" என்றேன். "படுத்திருந்தேன்."

அவர் என்னை முறைக்கவில்லை. திட்டவுமில்லை. "சரிண்ணே" என்று உட்கார்ந்துவிட்டார்.

சங்கத்தின் தீர்மானப்படி செவிலியர் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போயிற்று: 'தங்கள் ஊழியர்மீது சைக்கிள் திருட்டுத் தொடர்பான ஐயப்பாடு நிலுவையில் உள்ளது என்பதைப் பொறுப்புள்ள குடிமக்கள் என்ற முறையில் தெரிவிக்கிறோம்.' குற்றம் சாட்டவில்லை, கவனியுங்கள். ஐயப்பாடுதான், அதுவும் நிலுவையில். இரண்டு முறை நகலெடுத்து, மூன்றாவதை அனுப்பினேன். நாலு வீட்டுக்குள் தனியாகப் போய்வருகிறவர்மேல் ஐயப்பாடு இருந்தால் எந்த நிறுவனம் வைத்துக்கொள்ளும்? மூன்றாவது தாமதத்துக்குக்கூடக் காத்திராமல் பெயரை எடுத்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் அக்கா வீட்டைக் காலி செய்தார். சாமான் ஏற்ற வந்தவர் பூட்டுக் கடைக்காரர். சட்டையில் இரண்டாவது பொத்தான் தைக்கப்பட்டிருந்தது. சில வாரங்களில் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, கடையையும் எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள் என்று கேள்வி. கேள்விதான், எனக்கு வதந்தி பிடிக்காது. செயலாளர் மகன் வீட்டோடு போய்விட்டார்; போகும்போது சாவியை வெல்வெட் பெட்டியில் வைத்துச் சங்கத்துக்கு வழங்கினார். கணக்கு வாத்தியார்தான் இப்போது செயலாளர்.

போன மாதம் அந்தப் போலீஸ்காரர் திரும்ப வந்தார். வேறெங்கோ அந்த லாரிக்காரர்கள் பிடிபட்டார்களாம். வாக்குமூலத்தில் எல்லாம் சொல்லிவிட்டார்களாம். "கைலி கட்டின ஒருத்தர் தூக்கிவிட்டாராம். முதல் மாடியில ஒரு ஆள் நின்னு வண்டியை ரிவர்ஸ் எடுக்க வழி சொன்னாராம். யாருங்க அது?"

புதிய செயலாளர் என்னைப் பார்த்தார். நான் புதிய செயலாளரைப் பார்த்தேன். அன்று மாலையே கூட்டம் கூடி, கைலி கட்டியவரும் மாடியில் நின்றவரும் ஊசிக்கார அக்கா வெளியிலிருந்து ஏற்பாடு செய்த ஆட்கள் என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். தீர்மானத்தை வழக்கம்போல நானே எழுதினேன்.

மை காயட்டும் என்று மேசையில் வைத்திருந்ததை என் மனைவி எடுத்துப் படித்தாள். முழுக்கப் படித்தாள். பிறகு ஒரு பையில் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். எப்போது வருவாள் என்று கேட்டதற்கு, "உங்களுக்குத் தெரியாததா? பால்கனியில நின்னு பாருங்க" என்றாள்.

எதிர்வீட்டு அம்மாள் தினமும் விசாரிக்கிறார், என்ன, வீட்டுக்காரம்மாவைக் காணோமே என்று. அந்த ஊசிக்காரி போகிற போக்கில் மனசைக் கெடுத்துவிட்டுப் போய்விட்டாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். உடனே நம்பிவிட்டார். எங்கள் குடியிருப்பில் அத்தனை பேரும் நல்லவர்கள்.